பாலையடிக் குழை

யானைக்கு ஞாபகசக்தி அதிகம். அந்த ஞாபகத்தை எடுத்துவிடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து கொடுத்த உத்தியோகம் என்பதால், பாவமும் பாதிப் பாதிதான் என்று ஆரம்பத்தில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாவது யுத்தம் ஓய்ந்தபோது எங்கள் தீவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். நடுவில் கடலிலிருந்து கடல்வரை ஒரு காட்டுப் பட்டை. அதற்குச் சூனியப் பிரதேசம் என்று பெயர். பின்வாங்கிப் போகும்போது இரண்டு இராணுவங்களும் போட்டி போட்டுக்கொண்டு அதற்குள் மிதிவெடிகளைப் புதைத்திருந்தன. எங்கே புதைத்தோம் என்று பிறகு இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கேட்டால் மற்றவனைக் கைகாட்டினார்கள். மனிதர் கால் வைக்க முடியாத அந்தக் காட்டில் முப்பது வருடமாக யானைகள் மட்டும் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தின. எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அதை அவற்றின் தலைக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம் என்று யாரோ ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்தான். கருவி தெற்கில் இருந்தது. யானை மருத்துவம் படித்த நான் வடக்கில் இருந்தேன். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒப்பந்தத்தை வெகு கவனமாக எழுதினார்கள். மயக்க ஊசி போடுவது வடக்கு, வாசிப்பது தெற்கு. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு மயிரையும் பிடுங்க முடியாது.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"ஆனையின்ர மண்டைக்குள்ள என்னடி தேடுறியள்?" என்று கேட்டாள்.

"மணம் அம்மா. அது நடந்த இடமெல்லாம் அதுக்கு மணமாத்தான் ஞாபகம் இருக்கும். தலையில ஒரு தொப்பி மாதிரிப் போட்டால் மெசின் அந்த மணத்தை நிறமாக் காட்டும். வெடிமருந்து சிவப்பு. தண்ணி நீலம்."

"பாத்திட்டு விட்டுடுவியளோ?"

"விட்டுடுவம்."

"அதுக்கு நோகாதோ?"

"நோகாது. மேலோட்டமாப் பாத்தால் ஒண்டுமில்லை. சரியா எந்த இடம் எண்டு அறிய வேணுமெண்டால்தான் ஆழமா வாசிக்க வேணும். அப்பிடி வாசிச்ச இடம் அதுக்கு மறந்துபோகும். பேந்து அந்த இடம் அதுக்குப் புதுசு."

அம்மா கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அப்ப களவுதானே," என்றாள்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. எத்தனை பேருடைய கால்களைக் காப்பாற்றுகிறோம் என்று சத்தம் போட்டேன். நான் கோபித்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். பிறகு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்தான் நாள்முழுக்க அல்லாட வேண்டும்.

அவளுக்கு இதயம் பழுதாகியிருந்தது. மழைக்காலம் வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள், கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் காட்டியபோதும் சொன்னார்கள். அவள் சாவுக்குப் பயப்படவில்லை. அண்ணாவைக் காணாமல் சாவதற்குத்தான் பயந்தாள்.

அண்ணா நகுலேசன் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்குப் பத்தொன்பது. சண்டைக்குப் போனவனில்லை. எங்கள் சிவப்பி மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. கன்றுத்தாய்ச்சி மாடு. பிடித்துக்கொண்டு வாறன் என்று போனான். மாடு மறுநாள் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது.

யுத்தம் நின்று, சூனியப் பிரதேசத்துக்குக் குறுக்கே ஒரு பாதை திறந்தார்கள். பழைய யானைத்தடம் அது. யானை நடந்த தடத்தில் வெடி இருக்காது என்று துணிந்து திறந்தார்கள். பாதையின் நடுவில் காணாமல்போனோருக்கான பணிமனை ஒன்றும் வைத்தார்கள். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே நடந்துபோய், அண்ணாவின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். போகும்போது பாலையடியில் ஒரு குழை போடுவாள்.

பாலையடி என்பது பாதையோரம் நிற்கும் ஒரு பெரிய பாலை மரத்தின் அடி. எங்கள் வன்னியில் காட்டுப்பாதையால் போகிறவர்கள் இலையோடு ஒரு சின்னக் கிளையை முறித்து ஐயனாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். காட்டுக்குக் காவல் அவர். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர் என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். தெற்கே சிங்களவர்களும் இதையேதான் செய்வார்கள். அவர்கள் ஐயநாயக்க தெய்யோ என்பார்கள். பாதை திறந்த முதல் நாளே பாலையடியில் குழைகள் குவிந்து கிடந்தன. அவர்கள் போட்டது என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் போட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். ஐயனார் இருக்கிற இடத்தில் ஆர் தொடங்கினது என்றா கேட்பது? இரண்டு பக்கத்துச் சனமும் போடத் தொடங்கியது. முப்பது வருடத்தில் அது ஆளுயரத்துக்கு மக்கியும் பச்சையுமாக ஒரு மேடாக வளர்ந்துவிட்டது. இந்தத் தீவில் இரண்டு பக்கமும் சண்டை பிடிக்காத ஒரே விஷயம் அது.

"இந்த வெள்ளி எனக்காக நீ ஒரு குழை போட்டுவிடு பிள்ளை," என்றாள் அம்மா. படுக்கையில் விழுந்த பிறகு எல்லா வெள்ளியும் இதே பல்லவிதான். எனக்கு ஐயனாரில் நம்பிக்கை கிடையாது. அம்மாவின் வாயில் பயம் உண்டு. வேலைக்குப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தாமலே ஒரு குழையை எட்டி வீசிவிட்டுப் போவேன்.

காட்டோரத்தில் இருந்த எங்கள் நிலையத்தில் கருவியைப் பார்ப்பவன் உபாலி. குருநாகல் பக்கத்தான், என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். எதையும் ஆறுதலாகச் செய்வான். அவன் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பசி போய்விடும். தமிழை எங்களோடு கதைத்துக் கதைத்தே பழகிக்கொண்டான்.

முதலாவதாக நாங்கள் வாசித்தது ஒரு கொம்பனை. ஆர்வக்கோளாறில் அதன் தலையிலிருந்த சிவப்பு முழுவதையும் ஒரே நாளில் வாசித்தோம். வெடி அகற்றுகிறவர்கள் வேலையை முடிக்கமுதல் அதை அவிழ்த்தும் விட்டோம். இருபது வருடமாக விலகி நடந்த இடத்தில் அது அன்றைக்கு நேரே போய்க் கால் வைத்தது. சத்தம் நிலையம் வரைக்கும் கேட்டது. உபாலி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். ஒரு இடம் வாசித்தால், அந்த இடத்து வெடியை எடுத்து முடிக்கிற வரைக்கும் யானை எங்களோடு நிற்க வேண்டும்.

அடுத்து வந்தவள் கிழிகாதி. வலது காது கிழிந்த கிழவி, ஒரு கூட்டத்துக்குத் தலைவி. உபாலி அவளை லொக்கு அம்மா என்று கூப்பிடுவான். பெரியம்மா என்று அர்த்தமாம். உப்புக்கட்டிக்கு ஆசைப்பட்டு நிலையத்தின் வேலியோரம் வருவாள். நாளடைவில் ஊசிக்கும் பழகிவிட்டாள். அவளை இன்னும் மேலோட்டமாகத்தான் பார்த்து வந்தோம்.

அந்த ஆனி மாதம் கிழிகாதியை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்த உபாலி என்னைக் கூப்பிட்டான்.

"டொக்டர், இங்க வாங்க. இந்த நிறத்தப் பாருங்க."

திரையில் சிவப்புப் புள்ளிகளுக்கும் நீலத் திட்டுகளுக்கும் இடையில் சாம்பலாக ஒன்று கிடந்தது.

"என்ன இது?"

"தெரியாத மணம் எண்டா மெசின் சாம்பல் போடும். நான் எங்கட லேப்புக்கு அனுப்பிக் கேட்டேன். காலையில பதில் வந்திச்சி." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மனுசன். செத்த மனுசன். மிச்சம் பழசு."

நான் திரைக்குக் கிட்டக் குனிந்தேன்.

"எந்த இடம்?"

"மேலால பாத்தா இடம் தெரியாது தானே. ஆழமா வாசிக்கணும்."

"அப்ப வாசியும்!"

"டொக்டர், கொஞ்சம் பொறுங்க. சாம்பலோட ஒட்டிக்கிட்டு ஒரு நீலம் இருக்கு, பாருங்க. இதுதான் அவட கடைசித் தண்ணி. வேற எல்லாம் வத்தினா இங்கதான் கூட்டிக்கிட்டுப் போறா. ரெண்டும் ஒரே இடம். சாம்பல வாசிச்சா நீலமும் போயிடும்."

அந்த வருடம் மழை எங்களை ஏமாற்றியிருந்தது. குளமெல்லாம் வெடித்துக் கிடந்தது. கிழிகாதியின் பின்னால் மூன்று குட்டிகள் வந்துகொண்டிருந்தன. அவளுக்கு அந்தத் தண்ணீர் மறந்தால் கூட்டத்தின் கதை முடிந்தது. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் எனக்கு அண்ணா வேண்டும்.

"பவுசரில தண்ணி கொண்டுவந்து ஊத்துவம்," என்றேன்.

"மிதிவெடிக்குள்ள பவுசர் எப்பிடிப் போறது?"

"கழுத்தில ஏதாவது கட்டி விடுவம். எங்கை போறாள் எண்டு தெரியும்."

"அந்தக் காட்டுக்குள்ள எந்தச் சிக்னலும் எடுக்காது. ரெண்டு ஆமியும் அடைச்சு வச்சிருக்கு. உங்களுக்குத் தெரியும் தானே."

எல்லாம் எனக்குத் தெரியும். ஒப்பந்தமும் தெரியும். வெடியை மட்டும் தேடு, செத்தவர்களைத் தொடாதே என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செத்தவர்களை எண்ணத் தொடங்கினால் திரும்பவும் சண்டை வரும் என்று அவர்களுக்குப் பயம்.

"உமக்கென்ன, உபாலி!" என்று கத்தினேன். "உம்மட அம்மா படுக்கையில கிடந்து கேக்கேல்லை. எனக்கெல்லோ தெரியும், ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பாக்கிறது."

உபாலி கருவியை நிறுத்தினான். மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.

"என்ட அப்பாவும் இந்தக் காட்டுலதான் டொக்டர்," என்றான். "ஆமியில இருந்தாரு. சண்டை முடியிற கடைசி மாசம். நான் பொறக்க முன்னுக்கு. என்கிட்ட ஒரு போட்டோ இருக்கு. அதுல அவரு என்னை விடச் சின்னப் பொடியன்."

ஏழு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். ஒரு நாளாவது அவன் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க யோசிப்பீங்க தானே, இவன்ட அப்பா என் அண்ணாவச் சுட்டிருப்பாரோ எண்டு." அவன் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "நானும் அப்பிடி யோசிச்சிருக்கேன். மத்தப் பக்கம்."

அன்று பின்னேரம் போகும் நேரம் அவனாகவே வந்து நின்றான்.

"சரி. நீங்க ஊசி போடுங்க, நான் வாசிக்கிறேன். அது உங்கட ஆளோ எங்கட ஆளோ தெரியாது. யாரோ ஒரு ஆள் வீட்டுக்குப் போகும் தானே."

மூன்றாம் நாள் கிழிகாதி வந்தாள். துவக்கில் ஊசியை ஏற்றிக்கொண்டு வேலியோரம் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் எனக்கு யானையில் ஒரு துளி இரக்கமும் இருக்கவில்லை. அம்மாவுக்கு என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

கிழிகாதி உப்புக்கட்டியை நக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லப் பக்கவாட்டாகத் திரும்பி, வழக்கமாக ஊசி விழும் தொடையை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். நோயாளி கையை நீட்டுகிற மாதிரி. அவளுடைய கால்களுக்கு நடுவில் நின்ற குட்டிக்கு விலா எலும்பு தெரிந்தது. அது காய்ந்த தொட்டியில் தும்பிக்கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.

களவுதானே என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது.

துவக்கை இறக்கினேன்.

"போடி! போ! விசர் ஆனை!" என்று கத்தினேன். "ஆரெண்டாலும் வந்து நிப்பியோ? போய்த் துலை!" கையில் கிடைத்த தடியை எடுத்து வேலியில் அடித்தேன். அவள் அவசரப்படாமல் போனாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். உபாலி வெளியே வந்து பார்த்தான். உள்ளே போய்க் கருவியின் மின்சாரத்தைத் துண்டித்தான்.

அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிடைக்க இருந்த பிள்ளையை அவளைக் கேட்காமலே கைவிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கஞ்சி பருக்கும்போது என் கண்ணைப் பார்த்து, "என்னடி?" என்று கேட்டாள். வேலையில் பிரச்சினை என்றேன்.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அதற்குள்ளும், "குழை, பிள்ளை," என்றாள். இந்த முறை எறிந்துவிட்டு ஓட மனம் வரவில்லை. மதியம் வேலை முடிந்து திரும்பும்போது உபாலியையும் ஏற்றிக்கொண்டு வந்து, பாலையடிக்குக் கொஞ்சம் தள்ளி ஜீப்பை நிறுத்தினேன். நல்ல வெயில். பாதையில் ஒரு குருவிகூட இல்லை. இறங்கிக் கையெட்டுகிற வீரை மரத்தில் ஒரு குழை முறித்தேன்.

"டொக்டர்," உபாலியின் குரல் அடங்கிப்போயிருந்தது. "அசைய வேணாம்."

காட்டிலிருந்து கிழிகாதி பாதைக்கு வந்தாள். பின்னால் கூட்டம். பாதையில் பகலில் யானையை யாரும் கண்டதில்லை. சனம் போய் முடிந்து, பாதையின் இரு முனையிலும் வாயிற்கதவு பூட்டிய பிறகுதான் அவை அந்தத் தடத்துக்கு வரும். அன்று தாகம் அவற்றை நேரங்காலம் பார்க்க விடவில்லை.

அவள் நேரே பாலையடிக்குப் போனாள். குழை மேட்டின் முன் நின்றாள். தும்பிக்கை நுனியால் மேட்டை அங்கங்கே தொட்டாள், மெதுவாக, குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகு பக்கத்து மரத்துக்குத் தும்பிக்கையைத் தூக்கி, இலையோடு ஒரு கிளையை முறித்து, மேட்டின் மேல் வைத்தாள். எங்கள் சனம் வைக்கிற மாதிரியேதான்.

என் கையில் குழை இருந்தது.

கூட்டம் அசையாமல் நின்றது. குட்டிகள்கூடச் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மரத்தைச் சுற்றிப் பின்னால் போனாள். அங்கே ஒரு பழைய மோட்டை உண்டு. மழைக்கு மட்டும் நீர் நிற்கும் பள்ளம். எங்கள் கண்ணுக்கு அது வெறும் மணல். அவள் முன்காலால் மணலைத் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் கறுத்து ஈரமாகி, தண்ணீர் ஊறி வந்தது. குட்டிகள் ஓடிப்போய் வாய் வைத்தன.

"நீலம்," என்றான் உபாலி. பிறகு மேட்டைக் காட்டினான். "சாம்பல்." காட்டிய கையை அப்படியே இறக்கினான். "அனே," என்று மட்டும் சொன்னான், எங்கள் ஐயோ மாதிரி.

யானைகள் செத்த உடம்பைக் கண்டால் கிளை முறித்து மூடும். தங்கள் இனத்தை மட்டுமல்ல, சில வேளை மனிதரையும் மூடும். இதை நான் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். பாதை திறந்த முதல் நாள் அங்கே கிடந்த குழைகள் அவர்கள் போட்டதுமில்லை, நாங்கள் போட்டதுமில்லை. அவள் மூடினாள். ஐயனார் என்று நினைத்து முப்பது வருடமாக நாங்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து மூடியிருக்கிறோம்.

தோண்டுவதற்கு இரண்டு அரசாங்கத்திடமும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. செத்தவர்களைத் தேடவில்லை, பாதையோரத்தில் வெடி இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்று கேட்டோம். அதையும் ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். அம்மா எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அண்ணாவாக இல்லாவிட்டால் என்ன செய்வது?

மண்வெட்டியோடு போன அன்று பார்த்தால் பாலையடியில் திருவிழாக் கூட்டம். வடக்கிலிருந்தும் சனம், தெற்கிலிருந்தும் சனம். ஐயனாரில் கை வைக்க விடமாட்டோம் என்று எங்கள் ஆட்கள் நின்றார்கள். தெய்யோவைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று அவர்கள் நின்றார்கள். முப்பது வருடத்தில் இரண்டு பக்கமும் தோளோடு தோள் நின்றது அன்றைக்குத்தான், அதுவும் எங்களை அடிக்க.

"கீழ ஆள் கிடக்குது! தெய்வமில்லை, மனுசர்!" என்று நான் கத்தினேன்.

"அதை ஆர் உமக்குச் சொன்னது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆனை சொன்னது."

சிலர் சிரித்தார்கள். உபாலி முன்னால் போய் நின்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான். தன் அப்பாவைப் பற்றியும் சொன்னான் என்று பிறகுதான் அறிந்தேன். தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வெளியே வந்து, மேட்டிலிருந்து ஒரு குழையை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவர் எடுத்தார். எல்லோரும் எடுக்கத் தொடங்கினார்கள். மேலே பச்சை, கீழே சருகு, அதற்கும் கீழே கறுத்த மண். எங்களை அடிக்க வந்த சனமே முழு மேட்டையும் பிரித்துத் தந்தது.

உள்ளே இரண்டு பேர் கிடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில்.

ஒருவனுடைய காலில் சப்பாத்து இருந்தது. இராணுவச் சப்பாத்து. மற்றவனுக்கு வலது கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒரு இரும்புத் தகடு கிடந்தது. அண்ணா பத்து வயதில் மாமரத்தால் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்த தகடு அது. சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது, "என்ர கால் இரும்புக் காலடி," என்று பகிடி விடுவான்.

நான் குழிக்குள் இறங்கினேன். அண்ணாவின் வலது தொடை எலும்பைச் சுற்றி ஒரு இடுப்புப் பட்டியின் கொளுவி கிடந்தது. தோல் உக்கிப் போய்விட்டது, பித்தளை அப்படியே இருந்தது. இராணுவக் கொளுவி. பக்கத்தில் கிடந்த சிப்பாயின் இடுப்பில் பட்டி இல்லை.

நான் மருத்துவர். யானை மருத்துவராக இருந்தாலும் இரத்தத்தை நிறுத்த எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியும். மிதிவெடியில் கால் போனவனுக்கு யாரோ தன் பட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறான். கட்டிவிட்டு, போகாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். அவன் எப்படிச் செத்தான் என்று யாருக்கும் தெரியாது.

சிப்பாயின் கழுத்தடியில் பெயர் பொறித்த தகரத் தகடு கிடந்தது. உபாலி அதை எடுத்துச் சட்டையால் துடைத்தான். வாசித்தான். அவனுடைய முகத்தைப் பார்க்க நான் பயந்தேன்.

"அப்பா இல்ல," என்றான். "வேற பேரு."

தகட்டைத் திரும்ப வைக்காமல் உள்ளங்கையில் பொத்தியபடி நின்றான்.

மறுநாள் அம்மாவை வாகனத்தில் கொண்டுவந்தேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். யானை வந்ததை, ஊசி போட நின்றதை, போடாமல் விட்டதை, குழையை, தகட்டை, பட்டியை. பாலையடியில் கதிரையோடு தூக்கி இறக்கினோம். குழிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து இருவரையும் வைத்திருந்தோம்.

அம்மா கத்திக் குழறுவாள் என்று நினைத்திருந்தேன். குனிந்து அந்த இரும்புத் தகட்டைத் தடவினாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"முப்பது வருசம் அம்மா! முப்பது வருசம் அவனுக்கு மேல நிண்டு அவனைக் காட்டு காட்டு எண்டு கேட்டிருக்கிறாய். இப்பிடியும் ஒரு தெய்வம் இருக்குமோ?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணால் நீர் ஓடியது, குரல் மட்டும் உடையவில்லை.

"ஏனடி கத்துறாய்? அப்ப நான் ஒவ்வொரு வெள்ளியும் என்ர பிள்ளையைப் பாத்திட்டுத்தானே வந்திருக்கிறன்."

கதிரையடியில் குந்தி அவளுடைய மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரு குழை வேண்டியிருந்தது. உபாலி முறித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் அதை அண்ணாவுக்கு வைக்கவில்லை. அந்தச் சிப்பாயின் பக்கம் கையை நீட்டினாள், எட்டவில்லை. உபாலி கையைப் பிடித்து உதவினான்.

"இவனைத் தேடி ஒருத்தரும் வரேல்லையோ?"

"தகவல் குடுத்திருக்கம் அம்மா. அவங்கட ஊர் மாத்தறைப் பக்கம். தங்கச்சி ஒருத்தி இருக்காவாம். நாளைக்கு வருவாங்க," என்றான் உபாலி.

"வந்தால் என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாரும். நான் இருந்தால் பாக்கிறன்." அவனுடைய கையை அவள் விடவில்லை. "உம்மட அப்பா கிடைக்கேல்லை எண்டு இவள் சொன்னவள்."

"இல்ல அம்மா."

"அந்த ஆனைக்கு இப்பவும் எல்லாம் ஞாபகமோ? நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லைத்தானே?"

உபாலி என்னைப் பார்த்தான்.

"எடுக்கேல்லை அம்மா," என்றேன் நான்.

"அப்ப வேற எங்கையெல்லாம் அவள் குழை போடுறாள் எண்டு அவளுக்குப் பின்னால போய்ப் பாருங்கோவன்," என்றாள் அம்மா. "இந்தத் தம்பியை எவ்வளவு நாளைக்குக் காக்க வைக்கிறது?"

நான் எழுந்து உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். மரத்துக்குப் பின்னால் மோட்டையில் புதிய கால்தடங்கள் ஈரமாக இருந்தன. அவை தெற்கே காட்டுக்குள் போயிருந்தன. உபாலி குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.